எழுதுவது பேச்சில் சேராது

கீரனூர்
10.6.2024

வெள்ளச்சிக்கு, உன் அக்கா சொர்ணவல்லி எழுதுவது.

இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நீ, ஆனந்தராஜ் தம்பி, இலக்கியா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை. அதனால் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி போடுகிறாள் என்று நினைப்பாய். என் வீட்டுக்காரர் கருமாதியன்று அய்யனார் கோயில் வாசலில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, இனிமேல் நமக்குள் பேச்சே கிடையாது என்று நீயும் நானும் சத்தியம் பண்ணினோமே, அதனால்தான். பூசாரி அடைக்கலத்திடம் போய்க் கேட்டேன்.

"போன்ல பேசுறதும் பேச்சுதான் ஆத்தா. சத்தியத்தை மீறிப் பேசினா, பேசினவளுக்கு ஒண்ணும் ஆவாது. காதுல வாங்குனவளுக்குத்தான் ஆகாது" என்றார்.

"எழுதினா?" என்றேன்.

தலையைச் சொறிந்தார். "எழுதுறது பேச்சுல சேராதுன்னு நெனைக்கிறேன். அய்யனாரு காலத்துல தபாலு ஏது?" என்றார்.

அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு எழுத்து. நீ பத்தாவது படித்தவள், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

சத்தியத்தை எடுக்கவும் வழி இருக்கிறதாம். வருஷம் திரும்புவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, அதே வாசலில் ஒரே தட்டில் சூடம் ஏற்றி, ஒரே தட்டுத் திருநீற்றைப் பூசிக்கொள்ள வேண்டும். புரட்டாசி தாண்டிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது என்கிறார். நான் வரத் தயார். ஆனால் ஒன்று. அன்றைக்கு அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று நீ சொன்னாயே, "நீ வீடு வீடுன்னு புடுங்குனதுலதான் மாமா செத்துப்போச்சு" என்று, அந்தச் சொல்லை நீ திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒரு சொல் போதும். இந்த எட்டு மாசமாக அதைத்தான் தின்று கொண்டிருக்கிறேன்.

நான் பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்கிறேன் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் வெள்ளைக் கார் திருச்சிப் பக்கம் போவதைப் பார்க்கிறேன். இதோடு மூன்று தடவை ஆகிவிட்டது. துணிக்கடைக்கா, நகைக்கடைக்கா? தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பின் சீட்டில் சாய்ந்துகொண்டு போகிறாய். ஏசி குளிர் போலிருக்கிறது. கூட்டிக்கொண்டு போக உனக்கு ஆள் இருக்கிறார், நீ போகிறாய்.

மாடி எடுக்கப் போகிறீர்களாமே? எடுங்கள். என் வீட்டு மேலே மாடிக்கு என்று விட்ட கம்பி துருப்பிடித்து நிற்கிறது. மூன்று அறை கட்டினோம். ஒன்றில் நான் படுக்கிறேன். ஒன்றில் கடலை மூட்டை. ஒன்றில் ஒன்றும் இல்லை. பிள்ளையா குட்டியா எனக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

சொர்ணவல்லி


அறந்தாங்கி
29.6.2024

அன்புள்ள அக்காவுக்கு வனிதா வணக்கம் சொல்லி எழுதுவது.

நாங்கள் நலம். உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். இலக்கியாவிடம் படிக்கச் சொல்லிக் கேட்டேன், அதையும் சேர்த்தால் நாலு. பதில் தாமதமாகிவிட்டது, கோபப்படாதே.

மாடி வேலையை நிறுத்தியாகிவிட்டது. செங்கல் மட்டும் இறக்கினபடி வாசலில் கிடக்கிறது. திருச்சியில் கொஞ்சம் வேலை இருக்கிறது, அதற்குத்தான் போய் வருகிறோம். திரும்பி வரும்போது நான் தூங்கிவிடுவேன். போகும்போது உன்னைப் பார்ப்பேன். போன தடவை நீல ஜாக்கெட் போட்டிருந்தாய். ஒரு கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். உன் கை ஆடின ஆட்டத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கோயிலுக்குக் கட்டாயம் வருகிறேன். அந்தச் சொல்லைப் பற்றி எழுதச் சொல்கிறாய். அவசரத்தில் எழுதுகிற விஷயம் இல்லை, கொஞ்சம் நாள் கொடு. இலக்கியாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அந்த அலைச்சல் வேறு.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? விற்காத கடலையைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

உன் தங்கை
வனிதா


கீரனூர்
8.7.2024

வனிதாவுக்கு சொர்ணவல்லி எழுதுவது.

சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று எழுதாமலே தெரிகிறது.

நீல ஜாக்கெட்டைப் பார்த்தாயாம். பார்த்தவள் கண்ணாடியை இறக்கி ஒரு கை காட்டினால் என்ன? கை காட்டுவதும் பேச்சில் சேருமோ? அடைக்கலத்திடம் கேட்டுச் சொல்லட்டுமா?

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கார் சாயங்காலம் பெட்ரோல் பங்க்கில் நின்றது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கூடையோடு நின்றேன். நீ கதவைத் திறந்து தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்தாய். துண்டு நழுவியது. மொட்டை.

திருப்பதிக்குப் போய் வந்திருக்கிறீர்கள்.

எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வீடு முடிந்து பால் காய்ச்சினதும் திருப்பதி போய் இரண்டு பேரும் முடி இறக்குகிறோம் என்று நானும் அவரும் நேர்ந்திருந்தோம். அதை முதன்முதலில் உன்னிடம்தான் சொன்னேன். "உன் முடியைக் குடுத்தா பெருமாளுக்கு ஒரு மாசத்துக்குக் காணும்" என்று நீ கேலி பண்ணினாய். எங்களால் போக முடியவில்லை. நீ போய்விட்டாய். ஒரு லட்டு கூடவா கொடுத்துவிடத் தோன்றவில்லை? எத்தனை பஸ் போகிறது அறந்தாங்கியிலிருந்து, யாராவது கண்டக்டரிடம் கொடுத்தால் என் கைக்கு வந்துவிடுமே.

உடம்பும் இளைத்துக் காலேஜ் பெண் மாதிரி ஆகிவிட்டாய். நிறம் இன்னும் வெளுத்துவிட்டது. சின்ன வயதில் உன்னைத்தான் எல்லோரும் வெள்ளச்சி என்று தூக்கிக் கொஞ்சுவார்கள். என்னைத் தண்ணீர் எடுக்க அனுப்புவார்கள். நாற்பத்தி நாலு வயதிலும் அப்படியே இருக்கிறாய். என்ன பூசுகிறாய் என்று எழுது.

பொறாமையில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஆமாம். பொறாமைதான். முன்னால் மனசுக்குள் வைத்திருந்தேன். அவர் போன பிறகு எதற்கு மறைக்க வேண்டும்? உன் புருஷன் உனக்குக் கதவைத் திறந்துவிட்டு, தோளைப் பிடித்து உட்கார வைக்கிறார். என் வீட்டில் கதவு காற்றில் அடித்தால்தான் சத்தம்.

அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுது. நாள் போகிறது.

சொர்ணவல்லி


அறந்தாங்கி
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தைத் தெரிந்துகொண்டேன். எங்கள் சுகமும் அப்படியே.

ஆமாம் அக்கா, முடி போய்விட்டது. கேட்கிறவர்களுக்கெல்லாம் திருப்பதி என்றுதான் சொல்கிறோம். உனக்கு லட்டு கொண்டுவரவில்லை. மன்னித்துக்கொள்.

இதோடு ஒரு பார்சல் வரும். என் அரக்குப் பட்டு. நல்ல மஞ்சள் துணியில் சுற்றியிருக்கிறேன், பெட்டியில் அப்படியே வை. எதற்கு என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். எனக்கு இனிமேல் அது பாரம்.

ஒன்றும் பூசவில்லை. வெயிலில் போகாததால் வெளுத்திருக்கும்.

வனிதா


கீரனூர்
12.8.2024

வனிதாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனசில் நான் இல்லை.

தபால்காரர் ரகுநாத் பார்சலைக் கொண்டுவந்து, "யாரு அனுப்பிச்சது?" என்றார். "எந் தங்கச்சி" என்றேன். "குடுத்து வச்சவங்க நீங்க. எங்க அக்கா தங்கச்சியெல்லாம் பில்லுதான் அனுப்புது" என்றார். அந்தப் பெருமையில் அவர் முன்னாலேயே பிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. புருஷனைத் தின்றவளுக்கு அரக்குப் பட்டு. ரகுநாத் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாரைக் கேலி பண்ணுகிறாய்? பாரமாம்! நாலு பெட்டி நிறையப் பட்டு வைத்திருப்பவளுக்கு இந்த ஒன்று பாரம், தூக்கி அக்கா தலையில் போடு.

இந்தச் சேலையை எனக்கு நன்றாகத் தெரியும். உன் வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது கட்டியிருந்தாய். நான் சின்னாளப்பட்டிச் சேலை கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். வந்தவர்கள் எல்லாம் வீட்டைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள், "பொண்டாட்டியத் தாங்குறான்டா மனுசன்" என்றார்கள். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அவரிடம் முதன்முதலில் சொன்னேன், நமக்கும் தளம் போட்ட வீடு வேண்டும் என்று. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கு எதுக்கு சொர்ணம்? ஓட்டு வீடு என்ன கொறச்சல்?" என்றார். அடுத்த மூன்று வருஷம் அவரை நான் விடவில்லை.

இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கிழிக்கலாம் என்றால் வேறு தாள் இல்லை.

சேலையைத் திருப்பி அனுப்பத் தபால் செலவு எதற்கு? பெட்டியில் கிடக்கிறது. கோயிலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

சொர்ணவல்லி


அறந்தாங்கி
20.9.2024

அன்புள்ள அக்காவுக்கு வனிதா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல இலக்கியா எழுதுகிறாள். எனக்கு விரல் கொஞ்சம் மரத்துப்போகிறது, பேனா நிற்கவில்லை. வேறொன்றும் இல்லை.

பதில் போட ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ தினமும் ரகுநாத்தைத் திட்டியிருப்பாய், பாவம்.

இலக்கியாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. பையன் மணமேல்குடி, பெயர் முத்துராமன், பள்ளிக்கூடத்தில் வேலை. தையில் கல்யாணம். அரக்குப் பட்டு அவளுக்குத்தான். தாலி கட்டுகிற நேரத்துக்கு நீதான் அவளுக்குக் கட்டிவிட வேண்டும். உன் மடிப்பு மாதிரி யாருக்கும் வராது. தாலி அறுத்தவள் மணப்பெண்ணைத் தொடலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் சொன்னேன் என்று சொல்லு. அம்மாக்காரி நீ இருக்கும்போது நான் எதற்கு என்று மட்டும் கேட்காதே.

உன் போன கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் பொறாமையை நீ எழுதிவிட்டாய், என்னுடையதைக் கேள். எனக்கு மாடி ஆசை எப்போது வந்தது தெரியுமா? நீ தளத்துக்கு மேலே கம்பி விட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு. அக்கா மாடி எடுக்கப் போகிறாள், அதற்குமுன் நான் எடுக்க வேண்டும் என்று இவரைப் படுத்தி எடுத்தேன். சிரிப்பாக இல்லை? நீ என்னைப் பார்த்து, நான் உன்னைப் பார்த்து.

இப்போதும் உன்மேல் எனக்குப் பொறாமைதான். காரில் போகும்போது பார்க்கிறேன். அந்த வெயிலில் இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி ஜன்னலில் கடலை கொடுக்கிறாய். ஓடுகிறாய் அக்கா. ஓடி முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் கண்டக்டரைத் திட்டுகிறாய். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நீ கேட்ட சொல்லை எழுதி, கோயிலில் உன் கையில் கொடுக்கிறேன். நாள் குறித்து எழுது.

உன் தங்கை
வனிதா


கீரனூர்
28.9.2024

வனிதாவுக்கும், எழுதிக் கொடுத்த இலக்கியாவுக்கும் சொர்ணவல்லி எழுதுவது.

என் மகள் கல்யாணப் பெண் ஆகிவிட்டாள். மனசு நிறைந்திருக்கிறது. நன்றாக இரு கண்ணே. சேலையைப் பற்றிப் பெரியம்மா எழுதினதை மனசில் வைக்காதே.

உங்கம்மாவிடம் சொல்லு: கார் ஓட்ட ஒரு ஆள், கடுதாசி எழுத ஒரு ஆள், இனிமேல் சோறு ஊட்டவும் ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம். கடலைக்காரியைப் பார்த்துப் பொறாமையாம். உலகத்திலேயே இப்படிப் பொறாமைப்பட்டவள் இவள் ஒருத்திதான். வரச்சொல், கூடையைத் தருகிறேன். நான் காரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன். நாலு நாளில் கால் வீங்கி, "அக்கா கூடையை வாங்கிக்க"ன்னு நிற்பாள்.

வனிதா, அக்டோபர் பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. அடைக்கலத்திடம் சொல்லிவிட்டேன். தேங்காய், பழம், சூடம் என் பொறுப்பு. நீ வந்தால் போதும். திருநீறு பூசிய உடனே உன்னை முதலில் என்ன சொல்லித் திட்டுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சொர்ணவல்லி


கீரனூர்
14.10.2024

வனிதாவுக்கு,

நீ சுகமாக இரு. உன் கார் சுகமாக இருக்கட்டும்.

எட்டு மணிக்கே போய் வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருந்தேன். பத்தேகாலுக்கு ரோட்டில் கார் நின்றது. எழுந்து சேலையைச் சரிபண்ணிக்கொண்டேன். ஆனந்தராஜ் தம்பி இறங்கினார். இலக்கியா இறங்கினாள். நீ இறங்கவில்லை. கண்ணாடி ஏற்றினபடி இருக்கிறது, உள்ளே நீ சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது. தம்பி அடைக்கலத்திடம் போய் ஏதோ குசுகுசுத்தார். அடைக்கலம் என்னிடம் வந்து, "ஆத்தா, தட்டைக் கார்கிட்டயே எடுத்துட்டுப் போயிருவோமா? அந்தம்மாவால எறங்க தோதுப்படலையாம்" என்றார்.

"அய்யனாரு கார்கிட்டப் போவணுமா? கால்ல மண்ணு ஒட்டிருமாமா அவளுக்கு?" என்று கேட்டேன். உனக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன். பேச்சு அடைக்கலத்தோடுதான், அதனால் சத்தியத்தில் சேராது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்துவிட்டேன். தம்பி பின்னாலேயே, "அண்ணி, நில்லுங்க, ஒரு நிமிசம் கேளுங்க" என்று வந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது அடி தூரம். அதை உன்னால் நடக்க முடியவில்லை. தளம் போட்ட வீடு வந்தபோதே உனக்குத் தரையில் கால் பாவவில்லை. புரட்டாசி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு நமக்குள் ஒன்றும் இல்லை. போனும் எடுக்கமாட்டேன். கல்யாணத்துக்கும் வரமாட்டேன்.

சொர்ணவல்லி


அறந்தாங்கி
19.10.2024

பெரியம்மாவுக்கு இலக்கியா எழுதுவது.

அப்பா ஆறு தடவை போன் செய்தார், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் இதைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, பஸ் ஸ்டாண்டில் உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

அம்மாவுக்குக் கேன்சர். மார்ச்சில் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திருச்சிக்குப் போனது மருந்து ஏற்ற. முடி அதனால் போனது. திருப்பதிக்கு நாங்கள் போகவில்லை பெரியம்மா. அம்மாவுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் எனக்கு வரன் தட்டிப்போகும் என்று சொந்தத்தில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னார்கள். உங்களிடமாவது சொல்லலாம் என்றேன். "அவ ஏற்கனவே ஒரு சாவுல இருக்கா. எம்மேல கோவமா இருக்கா, அந்தக் கோவத்துல கொஞ்சம் நிமுந்து நிக்கிறா. அதைக் கெடுக்காத" என்றார்கள்.

கோயிலுக்கு வந்த அன்றைக்கு அம்மாவுக்குக் காலில் பலம் இல்லை. நானும் அப்பாவும் தூக்கித்தான் காரில் உட்கார வைத்தோம். சக்கர நாற்காலியை டிக்கியில் வைத்தோம், ஆனால் அதை எடுக்கவே விடவில்லை. நீங்கள் பார்த்துவிடக் கூடாதாம்.

நேற்று ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வாருங்கள் பெரியம்மா. பேசவேண்டாம், வந்து உட்காருங்கள்.

இலக்கியா


அறந்தாங்கி
22.10.2024
(இலக்கியாவின் நோட்டில், கட்டிலில் இருந்தபடி மரத்த விரலோடு கோணல்மாணலாக வனிதாவும் பக்கத்தில் உட்கார்ந்தபடி சொர்ணவல்லியும் எழுதிக்கொண்டது)

அக்கா, அழுவதை நிறுத்து. நோட்டு நனைகிறது. சாப்பிட்டாயா?

நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்க வேண்டும். கழுதை. ஒரு வார்த்தை எழுதினாயா நீ?

நீ எழுதவிட்டாயா? லட்டு எங்கே, லட்டு எங்கே என்றாய்.

அடி வாங்குவாய்.

அடி. அடிப்பது பேச்சில் சேராது.

(இந்த இடத்தில் தாள் கசங்கி, மை நனைந்து பரவியிருக்கிறது.)

வீட்டைப் பார்த்தாயா அக்கா? எட்டு மாசமாக இந்த ஒரு அறையில்தான் இருக்கிறேன். ஹாலில் போட்ட கிரானைட் என்ன நிறம் என்றே மறந்துவிட்டது, இலக்கியாவைக் கேட்டால்தான் தெரியும்.

பச்சை. வழுக்குகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

பொய். பால் காய்ச்சின அன்றைக்குக் குனிந்து தடவிப் பார்த்தாய்.

ஆமாம், பார்த்தேன்.

பேசிவிடு அக்கா. உன் குரலைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. சத்தியத்தை மீறினால் கேட்கிறவளுக்குத்தானே ஆகாது? எனக்கு இதற்குமேல் என்ன ஆகப்போகிறது?

மாட்டேன். நீ எழுந்து நடப்பாய். தை வரைக்கும் இருப்பாய். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பிடிவாதம். சரி, நீ கேட்டதைத் தருகிறேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். மாமாவைக் கொன்றது நீ இல்லை, வீடும் இல்லை. அவருக்கு நாள் வந்தது, போனார். எனக்கு வருகிறது, நான் போகிறேன். நான் எத்தனை கேட்டேன், கார், கிரானைட், மாடி. எல்லாம் வந்தது. இந்தக் கட்டிலை விட்டு ஒரு அடி எடுத்து வைக்கக்கூட அதில் ஒன்றும் உதவவில்லை. உன் மனசு ஆறினதா?

அக்கா, ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாய்? எழுது. ஆறினதா?

மை தீர்ந்துபோச்சு. தூங்கு.


கீரனூர்
30.11.2024

வெள்ளச்சி,

இங்கே நான் சுகம். உன் சுகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இந்தக் கடுதாசியை எங்கே போடுவது என்றும் தெரியவில்லை. ரகுநாத்திடம் கொடுத்தால் என்ன விலாசம் என்று கேட்பார்.

நீ போய் முப்பத்தைந்து நாள் ஆகிறது. மூத்தவள் நான் இருக்கும்போது நீ போனாய். எல்லாவற்றிலும் என்னை முந்துவாய், இதிலும் முந்திக்கொண்டாய். சுமங்கலியாய்ப் போனாய் என்று பெண்களெல்லாம் உன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தபோதுகூட, சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு கணம் பொறாமை வந்தது. என்ன பிறவி நான்.

மூச்சு நின்றதும் உன் காதோரம் குனிந்து பேசினேன். ஒரு வருஷத்துக்குச் சேர்த்துவைத்த திட்டு எல்லாம் திட்டினேன். இலக்கியா என்னைப் பிடித்து இழுத்தாள். "விடுடி, இனிமே யாருக்கு ஆகாது?" என்றேன். இருக்கும்போது நீ கெஞ்சிக் கேட்டாய். நான் பேசாமல் இருந்தால் நீ பிழைப்பாய் என்று நினைத்தேன். நாலு நாள் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாயில் என்ன இருக்கிறது? வருகிறது வந்துவிட்டது.

மாடிக்கு என்று நீ இறக்கின செங்கலை உன் கருமாதிக்கு அடுப்புக் கூட்ட எடுத்தார்கள். ஏழு அடுப்பு. சாம்பார் ஒரு அடுப்பில், சோறு நாலு அடுப்பில். சமையல்காரர், "நல்ல சூளை செங்கலு, வீணாக்குறீங்களே" என்றார். தம்பி எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பையன் வீட்டார் நல்ல மாதிரி, ஒன்றும் மாற்றிப் பேசவில்லை. நீ பயந்து பயந்து மறைத்தாயே, அது தேவையே இல்லை.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். அன்றைக்கு உன் நோட்டில் மை தீரவில்லை. நீ சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டாய். என்னால் அதை வாங்க முடியவில்லை. ஏன் என்றால் நீ அன்று கருமாதியில் சொன்னது, உனக்குத் தெரியாமல் சொன்ன உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அதனால்தான் சூடத்தை நான் முதலில் அடித்தேன்.

அவர் போன அன்று காலையில் எட்டு மணி இருக்கும். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒரு மாதிரி அடைக்குது சொர்ணம், செத்த நேரம் படுத்துக்கிறேன்" என்றார். தளம் போட்டு ஏழாம் நாள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம், வெயிலில் வற்றிப்போயிருந்தது. நான் சொன்னேன், "தண்ணி கட்டிட்டு வந்து படுங்க. தளம் வெடிச்சா வனிதா வீட்டுல சிரிப்பாங்க." துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். நாலாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். நான் கீழே இருந்து, "குடத்தைத் தூக்கித் தரவா?" என்று மட்டும் கேட்டேன். இறங்குங்கள் என்று சொல்லவில்லை.

தளம் வெடிக்கவில்லை. ஒரு கீறல் இல்லை. அவ்வளவு நன்றாகத் தண்ணீர் கட்டியிருக்கிறார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ கண்ணைத் திறந்துகொண்டு, ஆறினதா ஆறினதா என்று எழுதிக் காட்டினாய். சொன்னால் அந்த வெளுத்துப்போன கண்ணில் என்ன வரும் என்று பயந்தேன்.

இப்போது நீ அவர் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டாய். எனக்கு முன்னால் நீ அவரைப் பார்க்கிறாய். அதை நினைத்தால்தான் மற்ற எல்லாப் பொறாமையும் சும்மா என்று படுகிறது. உன்னிடம் அவர் எப்போதும் மனசு விட்டுப் பேசுவார். என்னிடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு வரி பேசுவதை, உன்னிடம் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவார். ஏணியில் ஏறும்போது மனசில் என்ன இருந்தது என்று உன்னிடம் சொல்லியிருப்பார். நீ விடமாட்டாய், கேட்டிருப்பாய்.

வெள்ளச்சி, என்னைப் பற்றி அவர் என்னடி சொன்னார்?